கைக்கெட்டும் தூரத்தில் பூங்கா இருக்க, கடல் கடந்து போவது எதற்காக?

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சிறியதொரு கொலுசுப் பட்டறை நடத்தி வருகிறேன். சில மாதங்களாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். பொறாமையால் கேட்கிறேன் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். அந்தப் பழியை என் மனைவி முன்னமே சுமத்திவிட்டார்.

சென்ற அரையாண்டு விடுமுறையில் என் மைத்துனர் தம் மனைவி மக்களோடு சிங்கப்பூர் சென்று வந்தார். ஐந்து நாள் பயணம், நான்கு பேர், மூன்று லட்சம் ரூபாய்க்குச் சற்றே குறைவான செலவு. அந்த ஐந்து நாட்களில் ஒரு முழு நாளைச் செந்தோசாத் தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவில் கழித்திருக்கிறார்கள். திரும்பி வந்தது முதல் அவர்களுடைய பிள்ளைகள் அந்த ஒரு நாளைப் பற்றியே பேசுகிறார்கள். மற்ற நான்கு நாட்களும் அவர்கள் நினைவில் நின்றதாகவே தெரியவில்லை. இதைக் கேட்டுக் கேட்டு என் வீட்டில் உள்ள இருவரும், ஐந்தாம் வகுப்பு மகளும் இரண்டாம் வகுப்பு மகனும், கோடை விடுமுறைக்கு நாள் குறிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

என் ஐயம் இதுதான். சேலத்திலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அதைத் தாண்டிப் பிடதியில் வண்டர்லா 2005 முதல் இயங்கி வருகிறது. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்தில் பிளாக் தண்டர் இருக்கிறது. திருப்போரூர்ப் பக்கம் 2025 டிசம்பரில் வண்டர்லா சென்னைப் பூங்காவைத் திறந்தது. ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு, 64 ஏக்கர் நிலம். சிங்கப்பூர் யுனிவர்சலின் பரப்பு ஏறத்தாழ 50 ஏக்கர்தான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். சென்னையில் கால்கள் அந்தரத்தில் தொங்க உட்கார்ந்து செல்லும் ரோலர் கோஸ்டரைச் செய்தது சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்டு மாபில்லார்டு நிறுவனம். மும்பைக்கும் புனேவுக்கும் இடையில் கோபோலியில் 2013-ல் தொடங்கிய இமேஜிகா பூங்காவின் 'நைட்ரோ'வும், அமெரிக்காவில் ஃபுளோரிடா யுனிவர்சலின் 'ஹல்க்'கும் அதே நிறுவனத்தின் தயாரிப்புகள். இரும்பும் ஒன்று, பட்டறையும் ஒன்று, அடிவயிற்றைக் கவ்வும் அந்தப் பயமும் ஒன்று. வெள்ளி எந்தக் கடையில் வாங்கினாலும் வெள்ளிதானே என்று என் தொழில்புத்திக்குத் தோன்றுகிறது. அப்படியிருக்க, மக்கள் பன்மடங்கு செலவு செய்து கடல் கடப்பது எதற்காக? 'அந்தஸ்து' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், போய் வந்தவர்களும் விவரம் அறிந்தவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பயண முகவர், ஐந்து ரோடு எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். இதுவே என் பிழைப்பு என்பதால் என் பதிலில் வியாபார வாசனை சற்று வீசக்கூடும்; அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் கேள்வியிலேயே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. பூங்காவுக்காகவே வெளிநாடு செல்பவர்கள் எங்கள் வாடிக்கையாளர்களில் மிகச் சிலர். 'வாழ்நாளில் ஒருமுறையாவது வெளிநாடு பார்த்துவிட வேண்டும்' என்பது முதலில் முடிவாகிவிடுகிறது. எந்த நாடு என்பது அதற்குப் பின்னர்தான் பேச்சுக்கு வருகிறது. அப்போது பெரியவர்கள் கோயில் கேட்பார்கள், பெண்கள் கடைவீதி கேட்பார்கள், ஆண்களில் சிலர் கேட்பதை இங்கே எழுத முடியாது. பிள்ளைகள் கேட்பது பூங்கா ஒன்றைத்தான், அதில் மற்றவர்களுக்கும் மறுப்பு இருப்பதில்லை. ஆகவே மூன்று லட்சத்தையும் பூங்காவின் பற்றில் எழுதுவது நியாயமான கணக்காகாது. உங்கள் மைத்துனர் பூங்காவுக்கென்று கொடுத்தது பெரியவருக்கு 80 சிங்கப்பூர் வெள்ளியை (டாலரை) ஒட்டிய நுழைவுச்சீட்டும், உள்ளே உண்ட உணவும், பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய பொம்மையும் மட்டுமே.

தூரக் கணக்கையும் சேலத்தில் நின்றுகொண்டு பார்க்க வேண்டும். சென்னை நமக்கு 340 கிலோமீட்டர். திருச்சி விமான நிலையம் அதில் பாதிகூட இல்லை. அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானத்தில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். இந்தியர்களைச் சுற்றுலாவுக்கு விசா இல்லாமலே தாய்லாந்து 2023 நவம்பரிலும் மலேசியா அதே ஆண்டு டிசம்பரிலும் அனுமதிக்கத் தொடங்கியபின், முன்பு 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டவர்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். சிங்கப்பூருக்கு விசா வேண்டும். ஆனால் அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் வயதானவர்களுக்குப் பாதிக் கவலை விட்டுப்போகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், வெளியூரார் இதை அறிய மாட்டார்கள். நம் மாவட்டத்தில் வெளிநாடு போய் வந்த பலருக்கு முதல் பயணம் சொந்தச் செலவில் நடந்ததே இல்லை. சிமெண்டு, பெயிண்டு, டயர், பம்புசெட்டு விற்கும் கடைக்காரர்களை, விற்பனை இலக்கை எட்டியதற்காகத் தயாரிப்பு நிறுவனங்களே கூட்டமாகப் பாங்காக்குக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அழைத்துச் செல்கின்றன. அப்படிப் போய் வந்தவர், வழி தெரிந்துவிட்ட துணிவில், அடுத்த முறை குடும்பத்தை அழைத்துக்கொண்டு அதே ஊருக்குப் போகிறார். நண்பர்களோடு போனபோது பார்த்தவற்றையெல்லாம் வீட்டாருக்குக் காட்ட முடியாது. எதைக் காட்டலாம் என்று தேடும்போது பூங்கா கைகொடுக்கிறது.


அஸ்தம்பட்டி அம்மா எழுதியது:

முகவர் ஐயா சொன்னது போகும் வழியைப் பற்றியது. போய் இறங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஊர் பேர் வேண்டாம், நம் பக்கத்துப் பூங்கா ஒன்றுக்குக் குடும்பமாகச் சென்றோம். நம் ஊர்களில் இருப்பவை பெரும்பாலும் பாதி நீர்ப்பூங்காக்கள்தாம்; வெயிலைப் பார்க்கும்போது அதில் தவறு ஒன்றும் இல்லை. சேலத்தில் மே மாதம் 40 பாகையைத் தாண்டும் நாட்களில் இரும்புத் தொட்டிலில் ஏறிச் சுற்ற யாருக்கு மனம் வரும்? தண்ணீரைக் கண்டதும் பிள்ளைகள் பாய்ந்துவிட்டார்கள், பின்னாலேயே என் கணவரும் போய்விட்டார். நீரில் இறங்க வேண்டுமானால் நைலான் துணியில் தைத்த உடைதான் உடுத்த வேண்டும், சேலைக்கு அனுமதியில்லை. பாதுகாப்புக்கான விதி அது. பருத்திச் சேலை நனைந்தால் காலைச் சுற்றும், எதிலாவது சிக்கும். விதியைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் அம்மாவுக்கு அப்போது வயது 64. அவர் வாழ்நாளில் சேலை தவிர வேறு எதையும் உடுத்தியதில்லை, தாலிக்கொடியைக் கழற்றிப் பெட்டகத்தில் வைப்பது என்பது அவரிடம் பேசவே முடியாத விஷயம். எனக்கும் அத்தனை பேர் நடுவில் நனைந்த உடையோடு நிற்கக் கூச்சமாக இருந்தது. ஆகவே நாங்கள் இருவரும் ஒரு தகரக் கொட்டகையின் கீழ் உட்கார்ந்து, நான்கு கைப்பேசி, இரண்டு சாவிக்கொத்து, ஒரு புளியோதரைத் தூக்கு ஆகியவற்றுக்குக் காலை பதினொரு மணி முதல் மாலை ஐந்து மணி வரை காவல் இருந்தோம். சுற்றிப் பார்த்தால் அந்தக் கொட்டகை முழுவதும் எங்களைப் போன்ற பெண்களே. நான்கு பேர் வீட்டில் அரிசி என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்பது வரை தெரிந்துகொண்டு திரும்பினேன். நுழைவுச்சீட்டு எங்கள் இருவருக்கும் முழு விலைதான்.

சிங்கப்பூரில் நாங்கள் கண்ட பூங்கா வேறு வகையானது. அங்கே விளையாட்டுகளில் கணிசமானவை கட்டடத்துக்குள் இருக்கின்றன. வண்டியில் உட்கார்ந்தால் இருட்டுக்குள் கூட்டிச்செல்கிறார்கள், சுற்றிலும் திரை, வண்டி குலுங்குகிறது, வெப்பக்காற்று முகத்தில் அடிக்கிறது, உலகமே இடிந்து விழுவது போலத் தோன்றுகிறது. உண்மையில் நாம் அந்தக் கட்டடத்தை விட்டு எங்கும் போவதில்லை. 'டிரான்ஸ்பார்மர்ஸ்' என்ற விளையாட்டு அப்படிப்பட்டது. என் வற்புறுத்தலில் வாங்கிய சுடிதாரையும் காலணியையும் அணிந்துகொண்டு அம்மா அதில் ஏறினார். எதுவும் நனையவில்லை, எதையும் கழற்றவும் வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்ததும், 'இதற்கா இத்தனை பயந்தேன்' என்று கேட்டுவிட்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றார். வரிசையில் நிற்கும் ஒரு மணி நேரமும் நிழலில் கழிந்தது. எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று வாசலிலேயே பலகையில் எழுதியிருந்ததால் ஏமாற்றமும் இல்லை. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு வந்த ஒரு தாய் ஓர் இடத்திலும் படியேறித் தடுமாறியதை நான் பார்க்கவில்லை. கழிவறையைப் பற்றி எழுதினால் கட்டுரை நீளும், பெண்கள் புரிந்துகொள்வார்கள்.

ஐயா, இரும்பு ஒன்றுதான் என்று சொன்னீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இரும்பில் ஏறுகிறவர்கள் வீட்டில் எத்தனை பேர், பையோடு உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒன்று மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: ஆடித் திருவிழாப் பொருட்காட்சியில் இதே அம்மா சேலையோடுதான் ராட்டினம் ஏறுவார், கொலம்பஸ் கப்பலிலும் ஆடியிருக்கிறார், இறங்கி வந்து டெல்லி அப்பளமும் தின்றிருக்கிறார். பக்கத்தில் டீசல் என்ஜின் புகை கக்கும், நெரிசலில் கால் மிதிபடும். இருந்தும் அங்கே யாரும் அவரைக் கொட்டகையில் உட்கார வைத்ததில்லை.


பழைய சிங்கப்பூர்க்காரர், ஆத்தூர் எழுதியது:

அம்மா எழுதியதில் 'நிழல்' என்று ஒரு சொல் வருகிறது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு நான் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அந்த நிழலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்தக் கேள்விக்கான விடையில் பாதி இருக்கிறது. பதினொரு ஆண்டுகள் சிங்கப்பூரில் கட்டடங்களின் குளிரூட்டிப் பராமரிப்பு வேலையில் இருந்தவன் நான்; கூரை, குழாய், மின்கட்டணம் ஆகியவற்றைத் தவிர வேறு எதையும் பற்றி எழுதத் தகுதி கிடையாது.

சிங்கப்பூரில் எந்த மாதமும் மழை வரும், எந்த நாளும் புழுக்கம் இருக்கும். ஆகவே அந்தப் பூங்காவின் நுழைவுத் தெருவுக்கு மேலே பெரிய விதானம் போட்டிருக்கிறார்கள். முக்கிய விளையாட்டுகளைக் குளிரூட்டிய மண்டபங்களுக்குள் வைத்திருக்கிறார்கள். வெப்பத்துக்கு நாம் கண்ட வழி தண்ணீர், அவர்கள் கண்ட வழி கூரை. துபாயில் 2016-ல் திறந்த ஐஎம்ஜி வேர்ல்ட்ஸ் பூங்கா முழுவதுமே 15 லட்சம் சதுர அடிக் கூரைக்குள் அடங்கியிருப்பதும், அபுதாபியின் ஃபெராரி வேர்ல்டு 2010-ல் சிவப்புக் கூரையின் கீழ் எழுந்ததும் இதே காரணத்தால்தான். தண்ணீர் மலிவு, கூரை மிகவும் செலவு பிடிக்கும், அதைவிட அதற்குள் ஓடும் குளிரூட்டி செலவு பிடிக்கும்.

அந்தச் செலவை நுழைவுச்சீட்டு மட்டும் தாங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூர் அரசு நெடுங்காலம் சூதாட்டக்கூடங்களை அனுமதிக்காமல் இருந்து, 2005-ல்தான் மனம் மாற்றிக்கொண்டது. அப்போதும் தனிச் சூதாட்டக்கூடமாக விடாமல், தங்கும் விடுதி, மாநாட்டு மண்டபம், குடும்பங்களுக்கான கேளிக்கை எல்லாம் சேர்ந்த ஒருங்கிணைந்த உல்லாசத்தலமாக இருக்க வேண்டும் என்றது. செந்தோசாவுக்கான உரிமத்தை 2006 டிசம்பரில் மலேசியாவின் கெந்திங் குழுமம் வென்றது. யுனிவர்சல் பூங்காவைக் கொண்டுவருவோம் என்பது அவர்கள் திட்டத்தின் முக்கியப் பகுதி. 2010 பிப்ரவரி 14-ல் சூதாட்டக்கூடம் திறந்தது, அடுத்த மாதம் 18-ம் தேதி பூங்கா திறந்தது. பிள்ளைகள் மேலே மினியன் என்ற கார்ட்டூன் பட உருவப் பொம்மையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும்போது, அதே வளாகத்தில் வேறொரு கதவுக்குப் பின்னால் சீட்டாட்டம் நடந்துகொண்டிருக்கிறது. உள்ளூர்க்காரன் அந்தக் கதவைத் தாண்ட வேண்டுமானால் அரசுக்கு ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும்; 2019 வரை அது 100 வெள்ளியாக இருந்தது. தன் குடிமகன் கெட்டுவிடக் கூடாது, வெளிநாட்டுக்காரன் வந்து செலவழிக்கட்டும் என்பதே கணக்கு. நமக்கு அது வேண்டாம், வரவும் கூடாது. ஆனால் அந்த வருமானம் இல்லாமல், நுழைவுச்சீட்டையும் உணவு விற்பனையையும் மட்டும் நம்பி நடக்கும் நம் ஊர்ப் பூங்காவை அதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது, யார் எந்தச் சுமையைத் தூக்குகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 2017-ல் சரக்கு சேவை வரி வந்தபோது இந்தப் பூங்காக்களுக்கு 28 விழுக்காடு விதித்து, 2018 ஜனவரியில்தான் 18 ஆகக் குறைத்தார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டாவது செலவு கதாபாத்திரம். மினியனும் டிரான்ஸ்பார்மரும் நம் பிள்ளைகளுக்குப் பூங்காவில் அறிமுகமாவதில்லை. அரிச்சுவடி முடிக்கும் முன்பே கைப்பேசியில் அறிமுகமாகிவிடுகின்றன. விற்பனையில் பாதி சேலத்து வீட்டுக் கூடத்திலேயே முடிந்துவிடுகிறது, மீதிப் பாதிக்குத்தான் விமானம் ஏறுகிறோம். அந்த உருவங்களைப் பூங்காவில் வைக்கும் உரிமை எளிதில் கிடைப்பதில்லை. கெந்திங் குழுமமே இதில் சூடுபட்டது. மலேசியாவில் தங்கள் கெந்திங் மலையில் 'டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ்' என்ற அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தின் பெயரில் பூங்கா கட்டப்போவதாக 2013-ல் அறிவித்துப் பழைய பூங்காவையும் மூடினார்கள். ஃபாக்ஸ் நிறுவனம் டிஸ்னியின் கைக்குப் போகவிருந்த 2018-ல் ஒப்பந்தம் முறிந்து வழக்காயிற்று. 2019-ல் சமரசமாகி, கடைசியில் 2022 பிப்ரவரியில் 'கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ்' என்று சொந்தப் பெயரில் திறந்தார்கள். அவ்வளவு பணபலம் உள்ளவர்களுக்கே அந்த நிலை.


காப்பித் தோட்டம், ஏற்காடு எழுதியது:

ஆத்தூர் நண்பரின் பதிலை ஆர்வத்தோடு படித்தேன், ஆனால் அதை முழுமையாக ஏற்க முடியவில்லை. சூதாட்டம் இல்லாமல் கூரை போட முடியாது என்றால் தோக்கியோ டிஸ்னிலேண்டு எப்படி நிற்கிறது? 1983 ஏப்ரலில் திறந்தது அது. அமெரிக்காவுக்கு வெளியே முதல் டிஸ்னிப் பூங்கா. அதன் உடைமையாளர் டிஸ்னி கிடையாது. கடலைத் தூர்த்து நிலம் எடுப்பதற்காக 1960-ல் தொடங்கிய ஓரியண்டல் லேண்டு என்னும் ஜப்பானிய நிறுவனம் கட்டி நடத்துகிறது. பெயருக்கும் உருவங்களுக்கும் டிஸ்னிக்கு உரிமத்தொகை கட்டுகிறது. கலிபோர்னியாவில் திறந்தவெளியாக இருக்கும் நுழைவுத் தெருவுக்கு, தோக்கியோவின் மழையைக் கருதிக் கண்ணாடிக் கூரை வேய்ந்தார்கள். அங்கே சூதாட்டக்கூடம் இல்லை. பக்கத்தில் ரயில் நிலையம் இருக்கிறது, திரும்பத் திரும்ப வரும் உள்ளூர் மக்கள் இருக்கிறார்கள், துடைப்பத்தோடு சுற்றும் பணியாளருக்கும் மரியாதை இருக்கிறது. ஒருவர் ஆண்டில் ஐந்து முறை வந்தால் பூங்கா தானாகப் பிழைக்கும். நம் ஆட்கள் ஊர்ப் பூங்காவுக்குப் பத்தாண்டில் ஒரு முறை போய்விட்டு, 'புதிதாக ஒன்றும் இல்லை' என்று சொல்கிறோம்.

நண்பர் கெந்திங்கைக் குறிப்பிட்டதால், மலைக்காரன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். கெந்திங் மலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி. ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி. அங்கும் மேகம் சாலையில் இறங்கி வரும், இங்கும் வரும். கோலாலம்பூரின் புழுக்கத்துக்கு அது எப்படியோ, சேலத்தின் வெயிலுக்கு ஏற்காடு அப்படி. 1960-களில் லிம் கோ தோங் என்ற கட்டட ஒப்பந்ததாரர், காட்டை வெட்டித் தாமே சாலை போட்டு அந்த மலையை எடுத்தார். 1971-ல் முதல் விடுதி திறந்தது. இன்று கம்பிவட ஊர்தியில் ஏறினால் மேலே ஒரு நகரமே நிற்கிறது. இங்கே கோடை விடுமுறைக்கு வரும் பலர், அங்கே போய் வந்த கையோடு, 'ஏற்காட்டில் படகு இல்லத்தையும் லேடீஸ் சீட்டையும் விட்டால் வேறு என்ன இருக்கிறது, ஒரு ரோப் கார், ஒரு தீம் பார்க் வைக்கக் கூடாதா' என்று என்னிடமே கேட்கிறார்கள்.

கோடை விழா நடக்கும் மே மாதத்தில் ஒருமுறை வந்து பார்த்தால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். அடிவாரம் வழியாக ஏற்றிக் குப்பனூர் வழியாக இறக்கினாலும் நெரிசல் தீர்வதில்லை. அதே வாரத்தில் எங்கள் வீடுகளில் குடிநீருக்கு லாரி எதிர்பார்த்து நிற்போம். ஒரு மலைக்கு இத்தனை பேர்தான் என்று ஓர் அளவு உண்டு. அந்த அளவை இங்கே எப்போதோ கடந்துவிட்டோம். ஆகவே பூங்கா பார்க்க வெளிநாடு போகிறவர்களை நான் சந்தோஷமாக வழியனுப்பி வைக்கிறேன். இதில் என் சுயநலமும் இருக்கிறது, மறைக்கவில்லை.


பழைய சிங்கப்பூர்க்காரர், ஆத்தூர் எழுதியது:

ஏற்காட்டு ஐயா சரியான இடத்தில் பிடித்துவிட்டார். தோக்கியோவை நான் மறந்துதான் போனேன். சூதாட்டப் பணம் அல்லது மறுபடி மறுபடி வரும் உள்ளூர்க் கூட்டம், இரண்டில் ஒன்று வேண்டும் என்று திருத்திக்கொள்கிறேன். வளைகுடாவில் அரசின் பணமும் இருப்பதால் அது மூன்றாவது வழி. அபுதாபியில் டிஸ்னியும் வரப்போவதாக 2025 மே மாதம் அறிவித்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து அபுதாபிக்கு இப்போதே நேரடி விமானம் இருப்பதால், இந்த விவாதத் திரியை அப்போது மறுபடியும் திறக்க வேண்டியிருக்கும்.


செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. முகவர் ஐயா என் கணக்கைத் திருத்தினார், ஆத்தூர் அண்ணனும் ஏற்காட்டு ஐயாவும் நான் நினைத்தே பார்க்காத கதவுகளைத் திறந்து காட்டினார்கள். ஆனால் நேற்று இரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது அஸ்தம்பட்டி அம்மாவின் பதில்தான்.

ஐந்தாண்டுகளுக்கு முன்பு நானும் குடும்பத்தோடு ஒரு பூங்காவுக்குப் போயிருந்தேன். நல்ல நாள் அது. ஏழெட்டு விளையாட்டுகளில் ஏறினேன், பிள்ளைகளை நீரில் இறக்கினேன், 'கொடுத்த காசுக்குப் பழுதில்லை' என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் உள்ளூர்ப் பூங்கா போதும் என்று வாதாடினேன். இதைப் படித்துவிட்டு மனைவியிடம், 'அன்றைக்கு நீ எதில் ஏறினாய்' என்று கேட்டேன். 'குழந்தைகள் ரயிலில், ஒரு சுற்று' என்றார். என் தாயார் அதிலும் ஏறவில்லையாம். எங்கள் பைகள் அனைத்தும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

முகவர் ஐயாவிடம் இரண்டு கேள்விகள். இன்று காலை கதவு நிலையில் நிறுத்தி அளந்ததில் மகள் 131 சென்டிமீட்டர், மகன் 116. உயரம் போதாமல் மகனைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா? என் தாயாருக்கு வயது 66. பழைய காலத்தவர், பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அவருக்குக் கடவுச்சீட்டு எடுக்க முடியுமா?


பயண முகவர், ஐந்து ரோடு எழுதியது:

ஐயா, சிங்கப்பூர்ப் பூங்காவில் 'மம்மி' விளையாட்டுக்கு 122 சென்டிமீட்டரும், இரட்டை ரோலர் கோஸ்டருக்கு 125 சென்டிமீட்டரும் கேட்கிறார்கள்; அவற்றில் மகனை ஏற்ற மாட்டார்கள். வாசலில் அளவுகோல் வைத்து அளப்பார்கள், கெஞ்சினாலும் விடமாட்டார்கள், தடித்த காலணியும் பயன்படாது. மற்ற பலவற்றில் அவன் ஏறலாம், 2025-ல் திறந்த மினியன் பகுதியே அவனுக்குப் பாதி நாள் எடுத்துக்கொள்ளும். ஆனால் அக்காள் ஏறும்போது தான் வெளியே நிற்க நேர்ந்தால் அழுவான் என்று தோன்றினால், அடுத்த ஆண்டு வரை பொறுப்பது நல்லது. எனக்கு இந்த ஆண்டே வந்தால் லாபம்தான், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

அம்மாவின் கடவுச்சீட்டுக்குக் கவலை வேண்டாம். 2023 அக்டோபர் 1-ம் தேதிக்கு முன்பு பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயமில்லை. பிறந்த தேதி அச்சிட்ட பான் அட்டை, வாக்காளர் அடையாள அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் போன்றவற்றில் ஒன்று போதும். ஆதாரிலும் அதே தேதியும், பெயர் அதே எழுத்திலும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வையுங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் விண்ணப்பம் பெரும்பாலும் தடைப்படுவது அங்கேதான்.


அஸ்தம்பட்டி அம்மா எழுதியது:

தாயாருக்குக் காலணியைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கிக் கொடுத்து, தினமும் மாலையில் வீட்டைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். என் அம்மாவுக்குக் கடைசி நேரத்தில் வாங்கியதில் குதிகால் கொப்புளம் கண்டது. 'மம்மி'யில் ஏறத் துணிந்து வந்தவர், வரிசையில் நிற்க முடியாமல் திரும்பிவிட்டார். அந்த ஒன்றைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.